கறுப்பு மணலில் மூன்று உடுப்பு

என் மாமாவின் தேனிலவுக்கு ஐந்து பேர் போனோம். மாமாவும் மாமியும் போனார்கள். அவர்களுக்குத் துணையாக அம்மாவும் அப்பாவும் போனார்கள். என்னைத் தனியே விட முடியாது என்பதால் நானும் போனேன். மாமியின் தாய் தகப்பனும் வந்திருப்பார்கள், ஆனால் அந்த ஊர்ச் சாப்பாடு அவருடைய அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாததால் இருவரும் ஹோட்டல் அறையிலேயே நின்றுவிட்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. தேனிலவு என்றால் குடும்பமாக வாகனம் பிடித்துப் போவது என்றுதான் அதற்குப் பிறகும் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்தார். பிறம்ரனில் ஒரு கிடங்கில் லொறிகளுக்குப் பெட்டி ஏற்றும் வேலை. கனடாவுக்கு அகதியாக வந்தவர் என்பதால் இலங்கைக்குத் திரும்பிப் போக முடியாது. உலகத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போகக் கூடாது என்பது எனக்கு ஏதோ விளையாட்டின் விதி மாதிரித் தோன்றியது. அந்த விதியை யார் போட்டது என்று கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவார். பெண் யாழ்ப்பாணத்தில். ஆறு மாதம் தொலைபேசியில் பேசினார்கள். அவர் இங்கே வர முடியாது, இவர் அங்கே போக முடியாது என்பதால் கலியாணத்தை நடுவில் ஓரிடத்தில், இந்தோனேசியாவின் பாலித் தீவில் வைத்தார்கள். மலேசியாவிலிருந்து ஐயர் வந்தார். ஹோட்டல் மண்டபத்தில் தாலி கட்டினார்கள். கலியாணத்துக்கு நாலாம் நாள் செய்யும் நாலாம் சடங்கு முடிந்த மறுநாள்தான் நான் சொல்லவரும் நாள்.

கலியாணத்தை விடப் பெரிய காரியம் ஒன்று மிச்சம் இருந்தது. மாமியைக் கனடாவுக்கு எடுப்பிக்க ஒரு ஸ்பொன்சர் ஃபைல் போட வேண்டும். அதை எழுதிக் கொடுக்கும் அண்ணை ஒருவர் எங்கள் பக்கத்துப் பிளாசாவில், நகைக்கடைக்கு மேலே, ஒரு சின்ன அறையில் இருந்தார். புறப்பட முன்னரே அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அவரிடம் யோசனை கேட்கப் போயிருந்தார்.

“தாலி கட்டுற படத்தை மட்டும் பார்த்து நம்பமாட்டினம் தங்கச்சி,” என்றார் அவர். “உது எல்லாரும் அனுப்புறதுதானே. ரெண்டு பேரும் வேறை வேறை நாளிலை, வேறை வேறை உடுப்போடை, வெளியிலை திரிஞ்ச படம் வேணும். உண்மையான புருசன் பெண்சாதி எண்டு அவைக்கு மனதிலை பட்டாத்தான் விசா. இருவது படம் காணும், அதுக்கு மேலை வேண்டாம்.”

அம்மா அதை அப்படியே ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டார். ஆனால் தீவில் இருந்த ஒன்பது நாளில் ஏழு நாளைக் கலியாண வேலை விழுங்கிவிட்டது. விமானம் ஏறும் நாளைக் கழித்தால் மிஞ்சியது ஒரே ஒரு நாள். அம்மா அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. வேறு வேறு நாள் கிடைக்காவிட்டால் என்ன, வேறு வேறு உடுப்பு கையில் இருக்கிறதே.

எனக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. என் கவனம் முழுவதும் எரிமலையில் இருந்தது. பள்ளிக்கூட நூலகத்திலிருந்து எரிமலைப் புத்தகத்தை மூன்று முறை இரவல் எடுத்திருந்தேன். ஹோட்டல் வரவேற்பறையில் கிடந்த ஒரு துண்டுப் பிரசுரத்தில் கறுப்புக் கடற்கரை ஒன்றின் படத்தைக் கண்ட நிமிடத்திலிருந்து, அங்கே போகலாமா என்று அம்மாவை அரித்தெடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த கடற்கரை ஒன்ராறியோ ஏரிக்கரைதான். அங்கே மணல் மணல் நிறத்தில் இருக்கும். மணல் கறுப்பாக இருக்குமென்றால் அதைத் தொட்டால் கை கறுக்குமா? தண்ணீர் கறுப்பாக இருக்குமா? மீனுக்குக் கண் தெரியுமா?

அம்மா உடனே சம்மதித்தது எனக்கு ஆச்சரியம். என் ஆசைக்காகத்தான் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். உண்மையில் அந்தப் பிரசுரத்தில் ‘ஆள் நடமாட்டம் இல்லாத இடம்’ என்று போட்டிருந்ததைத்தான் அம்மா பார்த்திருக்கிறார். ஆட்கள் பார்க்கிற இடத்தில் எப்படி இரண்டு தரம் உடுப்பு மாற்றுவது?

காலையிலேயே புறப்பட்டோம். அம்மா ஊரிலிருந்து சின்ன ரைஸ் குக்கர் கொண்டுவந்திருந்தார். ஊர் என்றால் இங்கே ஸ்காபரோ. அதில் சோறும் பருப்பும் அவித்துக் குழைத்து, ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து மடியில் வைத்திருந்தார். இரண்டு மணித்தியாலம் ஓடிய பிறகு சாரதி வாகனத்தை மெதுவாக்கி, கண்ணாடி வழியே ஒரு மலையைக் காட்டினார். உச்சியில் முகில் உட்கார்ந்திருந்தது. தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், அது நித்திரை கொள்ளுகிறது, செத்துப் போகவில்லை என்றார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. எழும்பினால் என்ன செய்வது என்று கேட்டேன். ஓடுவோம் என்றார். அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தென்னை மரங்களுக்குள்ளால் ஒரு ஒடுங்கிய பாதை போய், சட்டென்று முடிந்தது. அதற்கப்பால் கடற்கரை. ஒரு மனிதர் இல்லை. கரையில் இழுத்துப் போட்ட ஒற்றை வள்ளம் மட்டும் கிடந்தது. மணல் நான் பிரசுரத்தில் பார்த்ததை விடக் கறுப்பு. ஆனால் கரியின் கறுப்பு அல்ல, தேய்த்துக் கழுவிய இரும்புச் சட்டியின் கறுப்பு. வெயில் படும் இடங்களில் மினுமினுத்தது. அலை வந்து வெள்ளையாக நுரைத்துவிட்டுப் போக, ஈர மணல் கண்ணாடி போலப் பளபளத்தது. கையில் அள்ளினேன். கை கறுக்கவில்லை. தண்ணீரும் சாதாரணத் தண்ணீர்தான். நண்டுகள் மட்டும் தாங்களும் கறுப்பாக இருந்து என்னை ஏமாற்றின.

என் ஆசிரியை, கண்ணால் காண்பதை நாள், நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். நானும் ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் கொண்டுபோயிருந்தேன். காற்சட்டைப் பையில் இன்னொரு சாமானும் இருந்தது. மாமியின் வீட்டாருக்குப் பரிசாகக் கொண்டுபோன குளிர்சாதனப் பெட்டிக் காந்தங்களில் ஒன்று, ரொறொன்ரோவின் உயரக் கோபுரம் போட்டது. அது என் பையில் எப்படி வந்தது என்பதை இங்கே விசாரிக்க வேண்டாம். மணலில் குந்தியிருந்தபோது அது கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கோபுரத்துக்குத் தாடி முளைத்திருந்தது! கறுப்பு மணிகள் அதன் முதுகில் முள்ளு முள்ளாக எழுந்து நின்றன. தட்டினாலும் போகவில்லை. மணலுக்குள் இரும்பு! மாமாவைக் கூப்பிட்டேன், அப்பாவைக் கூப்பிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது.

முதல் உடுப்பு மஞ்சள் சுடிதார். அப்பா கமராவைப் பிடித்தார், அம்மா கட்டளை போட்டார். “கிட்ட நில்லடா. இன்னும் கிட்ட. என்ன, பள்ளிக்கூடத்திலை குறூப் போட்டோ எடுக்கிறியே? சிரி!” மாமா சிரித்தார். பல் வைத்தியரிடம் காட்டும் சிரிப்பு அது. மாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆறு மாதம் தொலைபேசியில் பேசியவர்கள், நேரில் ஒருவரையொருவர் பார்த்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. அந்த ஒரு கிழமையும் சுற்றிவர ஆட்கள். இருவரும் தனியே நாலு வார்த்தை பேசியதை நான் காணவில்லை. எப்படிக் காண முடியும், எப்போதும் நடுவில் நான்தானே நின்றேன்.

அடுத்தது நீலச் சேலை. மாமாவுக்குச் சட்டை மாற்ற மறைவு தேவையில்லை, மாமிக்கு வேண்டும். அம்மா ஹோட்டல் கட்டிலிலிருந்து உருவிக்கொண்டு வந்த வெள்ளை விரிப்பை வள்ளத்துக்குப் பக்கத்தில் திரையாகப் பிடித்தார். கடற்காற்று அதைக் கப்பல் பாய் மாதிரி ஊத, அம்மாவும் சேர்ந்து பறந்துவிடுவார் போலிருந்தது. மற்றப் பக்கத்தைப் பிடிக்க அப்பா வேண்டும் என்றார். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு விரிப்பைப் பிடித்தார். கமரா என் கைக்கு வந்தது. நான் நண்டை எடுத்தேன், தாடிக் கோபுரத்தை எடுத்தேன், தோண்டிய குழியை எடுத்தேன். குழிக்குள் நெருப்பு இல்லை, தண்ணீர்தான் ஊறியது. அதையும் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது பச்சைச் சேலை. அது முடியும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கடைசிப் படத்துக்காக இருவரையும் அலையில் கால் நனைக்கச் சொன்னார் அம்மா. மாமி செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தார். பெரிய அலை ஒன்று வந்து, எல்லோரும் கூச்சல் போட, இரண்டு செருப்பையும் வாரிக்கொண்டு போய்விட்டது. ஒன்று சிறிது தூரம் மிதந்தது. பிறகு அதையும் காணவில்லை.

வாகனம் தென்னைகளுக்குக் கீழே, இருநூறு அடி தள்ளி நின்றது. நடுவில் முழுவதும் காய்ந்த கறுப்பு மணல். மாமி ஈரத்தை விட்டு ஒரு காலை எடுத்து வைத்தார், உடனே இழுத்துக்கொண்டார். மாமா தன் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார்.

“உங்களுக்குச் சுடாதோ?” என்று கேட்டார் மாமி. அவர் மாமாவிடம் நேராகக் கேட்டு நான் கேட்ட முதல் கேள்வி அது.

“சீ, சுடேல்லை,” என்றார் மாமா.

சொல்லிவிட்டு விறுவிறு என்று நடக்கத் தொடங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. மாமி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் காலை விட இரண்டு மடங்கு பெரிய செருப்பில் தட்டுத் தடுமாறிப் பின்னால் போனார். “புதுப் பொம்பிளையை விட்டிட்டு உவன் எங்கை ஓடுறான்?” என்று அம்மா பொருமினார். நான் விரலை மணலில் வைத்துப் பார்த்தேன். அடுப்புச் சட்டி! எனக்கு ஒரே குழப்பம். சுடும் மணலைச் சுடவில்லை என்கிறாரே. அலைக் கூச்சலில் அப்பா கமராவை மறுபடி என் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு படம் எடுத்தேன். முகங்கள் இல்லை. முன்னால் நுனிக்காலில் மாமா, ஆறேழு அடி பின்னால் பெரிய செருப்போடு மாமி, சுற்றிலும் கறுப்பு.

நான் வாகனத்துக்கு ஓடிப்போனபோது மாமா அவசரமாகக் காலுறை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு உள்ளங்காலைக் கண்டுவிட்டேன். சிவந்து, விரல்களுக்கு அடியில் கொப்பளம் எழும்பியிருந்தது. மாமா உதட்டில் விரல் வைத்து, “மாமிக்குச் சொல்லாதை, என்ன?” என்றார். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். திரும்பி வரும் வழி முழுவதும் மாமி ஒருவரோடும் பேசாமல் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் போல அவரும் எரிமலையைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். மடியில் கிடந்த அவர் கையில் தாடிக் கோபுரத்தை வைத்தேன், ஆறுதலுக்கு அல்ல, அறிவியலுக்கு. அவர் அதை வைத்துக்கொண்டார்.

மறுநாள் விமான நிலையத்தில் மாமி எங்களோடு ஏறப்போவதில்லை என்று தெரிந்ததும் நான் அழுதேன். கலியாணம் கட்டினால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதுதானே முறை. “படமெல்லாம் எடுத்தாச்சுதானே, அதுகளைப் பார்த்துட்டு விடுவினம்,” என்றார் அம்மா. அப்படியென்றால் படங்கள் முக்கியமான சாமான் என்று மனதில் பதித்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, அப்பா கமராவில் இருந்த எல்லாவற்றையும் மருந்துக்கடையில் கழுவிக்கொண்டு வந்தார். அம்மா இருபது படத்தைப் பொறுக்கினார். ஒவ்வொன்றின் பின்னாலும் நாள், இடம், யார் நிற்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது ஃபைல் எழுதும் அண்ணையின் உத்தரவு. வீட்டில் நல்ல ஆங்கில எழுத்து என்னுடையதுதான். அம்மா எந்த உடுப்புக்கு எந்த நாள் என்று ஒரு துண்டில் எழுதி என் முன்னால் வைத்துவிட்டு, இடியப்பம் பிழியப் போய்விட்டார்.

துண்டைப் பார்த்தேன். மஞ்சளுக்கு ஒரு திகதி, நீலத்துக்கு ஒரு திகதி, பச்சைக்கு ஒரு திகதி. பாவம் அம்மா, கலியாணக் களைப்பில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். நல்ல காலம், என் கொப்பி இருந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதினேன். மஞ்சள், காலை பத்தரை. நீலம், அதே நாள், பதினொன்றே கால். பச்சை, அதே நாள். மாமி எங்கள் ஹோட்டல் படுக்கை விரிப்புக்குப் பின்னால் உடுப்பு மாற்றினார். ஒரு கவலை மட்டும் இருந்தது. இருபது படத்திலும் ஒரே மாதிரி நின்றார்களே தவிர ஒன்றும் நடக்கவில்லை. எனவே அதில் ஒன்றை எடுத்துவிட்டு, நான் எடுத்த படத்தை வைத்தேன். அதன் பின்னால் எழுதினேன்: மணல் மிகவும் சுட்டது. மாமா தன் செருப்பை மாமிக்குக் கொடுத்தார். சுடவில்லை என்று சொன்னார். அவர் சொன்னது பொய். காலில் கொப்பளம் வந்தது. மாமிக்குச் சொல்ல வேண்டாம்.

அப்பா உறையை ஒட்டினார். ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. என் ஆங்கிலத்தில் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இரண்டு கிழமை கழித்து, இரவுச் சாப்பாட்டில், நான்தான் வாயைத் திறந்தேன். “அம்மா, நீங்கள் டேட் எல்லாம் பிழையா எழுதியிருந்தீங்கள். நான் சரியாக்கிட்டேன்.”

சொதியை ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. என்ன எழுதினேன் என்று அப்பா கேட்டார். எல்லாவற்றையும் ஒப்புவித்தேன், படுக்கை விரிப்பு வரைக்கும், பொய் வரைக்கும். “ஐயோ, கவுண்மேந்துக்குப் பொய் எண்டு எழுதி அனுப்பிப்போட்டாளே,” என்று அம்மா தலையில் கை வைத்தார். மாமா மட்டும் கோபிக்கவில்லை. இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, “விடுங்கோ அக்கா, பிள்ளை கண்டதைத்தானே எழுதினவள்,” என்றார். பிறகு சாப்பிடாமல் எழுந்து கீழே போய்விட்டார். அந்த இடியப்பம் அடுத்த நாள் வரைக்கும் மூடியபடி இருந்தது.

ஃபைல் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது, கடவுளைக் கும்பிடுங்கள் என்றார் அந்த அண்ணை. அம்மா அதையும் உத்தரவாக எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். மாமி வராமல் போனால் அது என்னால்தான். அந்த நினைப்போடு நான்காம் வகுப்பு முழுவதையும் கழித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி கணினித் திரையில் வந்து, என்ன படிக்கிறாய் என்று கேட்பார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கணக்கு என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவேன்.

பதினைந்து மாதம் கழித்து மாமியைக் கொழும்பில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதற்கும் பிறகு சில மாதத்தில், பனி கொட்டிய ஒரு மார்ச் மாதப் பகலில், விமான நிலையத்துக் கதவால் வெளியே வந்தார். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். நேராக என்னிடம் வந்து, தலையைத் தடவி, “எழுத்தாளர் வந்திருக்கிறாவோ?” என்றார். அது ஏச்சா பாராட்டா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. விசா கிடைத்தது தன் தேங்காய்களால்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார்.

போன மாசிதான் மாமி மிச்சத்தைச் சொன்னார். பிறம்ரனில் அவர்கள் வீட்டுக் குசினியில் இருந்தோம். குளிர்சாதனப் பெட்டியில் அந்தக் கோபுரம் ஒட்டியிருந்தது. அதன் விளிம்பில் இரண்டு மூன்று கறுப்பு மணிகள் இன்னும் விடாமல் இருந்தன. நான் வழக்கம்போல அந்த நேர்முகத்தைக் கேட்டேன். இத்தனை வருடமும், “கேட்டினம், சொன்னனான்,” என்று முடித்துவிடுபவர் அன்றைக்குத் தேத்தண்ணீரை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“மேசையிலை இருவது படத்தையும் கவிட்டு வைச்சிருந்தினம். எனக்கு உயிர் போட்டுது. ஒரே நாளிலை ஏன் மூண்டு உடுப்பு எண்டு கேட்டார் அந்த ஒஃபிசர். மச்சாள் மாத்தச் சொன்னவ எண்டன். சிரிச்சாரோ தெரியாது. பிறகு ஒண்டைத் தூக்கி, மொழிபெயர்க்க இருந்த பிள்ளையிட்டைக் குடுத்தார். அவள் வாசிக்கிறாள், மணல் நல்லாச் சுட்டது, மாமா பொய் சொன்னவர் எண்டு.”

மாமி தேத்தண்ணீரில் ஒரு மிடறு குடித்தார்.

“எனக்கு அது தெரியாதடி. அண்டைக்கு அவர் என்னை விட்டிட்டு விறுவிறெண்டு போனதைத்தான் கண்டனான். என்னோடை சேர்ந்து நடக்கவே விருப்பமில்லாத மனுசன் எண்டு நினைச்சன். பதினைஞ்சு மாதமும் அதுதான் மனதுக்குள்ளை. விசா கிடையாட்டில் நல்லம் எண்டுகூட நேந்தனான். அந்தப் பிள்ளை வாசிச்சு முடிய நான் அழுத அழுகையிலை, அந்த மனுசன் வேறை ஒண்டும் கேக்கேல்லை.”

அம்மா இங்கே தேங்காய் உடைக்க, மாமி அங்கே வேண்டாம் என்று நேர்ந்துகொண்டிருந்திருக்கிறார். பிள்ளையாரின் பாடு எப்படி இருந்திருக்கும்!

அப்போது கராஜ் கதவு திறந்தது. வாசலில் பனி தள்ளிவிட்டு மாமா உள்ளே வந்தார். கையுறை போடவில்லை. விரல்கள் சிவந்து விறைத்திருந்தன.

“குளிரேல்லையோ?” என்று கேட்டார் மாமி.

“சீ, குளிரேல்லை,” என்றார் மாமா.

மாமி என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், தன் சூடான கோப்பையை மாமாவின் இரண்டு கைக்குள்ளும் வைத்து, மேலே தன் கையையும் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வயதில், மாமாவின் அந்தச் ‘சுடேல்லை’க்குப் பொய் என்ற ஒரு சொல்தான் எனக்குத் தெரிந்திருந்தது.